கடைசி மெட்டு

அம்மாவின் வீணையில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பித்தளை மெட்டுகளைப் புது மெழுகில் பதிக்க இன்று ஒருவர் எங்கள் திருப்பதி வீட்டுக்கு வந்திருந்தார். அவர் மெழுகையும் கரியையும் சேர்த்துக் காய்ச்சிய வாசனை எழுந்ததுமே எனக்குப் பழைய வீடு நினைவுக்கு வந்தது. சித்தூரில், இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட இடத்தில் இருந்த எங்கள் தகரக்கூரை வீட்டில், மாங்கூழ் ஆலையின் புளித்த நெடியோடு கோடை வந்தால் வீணையின் மெழுகு இளகிவிடும். சுவரில் மயில் வரைந்தாலும், எங்களுக்குச் சோறு பிசைந்தாலும், அம்மாவின் வாய் ஏதோவொரு ராகத்தை முனகிக்கொண்டிருக்க, கண் மட்டும் வீணையை விட்டு நகராது. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அதைச் சுற்றிப் போவோம். ஒருநாள் தங்கை கட்டைவிரலை அழுத்திவிட்டாள். மெழுகில் ரேகை பதிந்து, கடைசி மெட்டு சாய்ந்து ஸ்வரம் பிசகியது. அம்மா ஓங்கிய கை ஏனோ அடிக்கவில்லை. அந்த மழைக்காலத்துக் காய்ச்சலில் தங்கை போய்விட்டாள்.

"இந்தக் கடைசி மெட்டு சாஞ்சிக்கினு கீதும்மா, பேத்துடட்டுமா?" என்று வந்தவர் கத்தியை வைத்தார்.

எண்பது வயது அம்மாவின் கை சட்டென்று கத்தியின் குறுக்கே விழுந்தது.

"அத்த மட்டும் வுட்டுடு நைனா. அந்த ஸ்வரத்த இத்தினி வருசமா நான் கம்பிய இழுத்துதான் வாசிக்கிறேன்."