கண்டக்டர் மாமாவின் கண்ணாமூச்சி

பஸ் பஸ்ஸாக ஜனங்களை ஏற்றி இறக்கியவனுக்கு ஆறு பொடிசுகளைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலையா என்றுதான் கண்டக்டர் முதலில் நினைத்தார். நின்று நின்றே முழங்கால் தேய்ந்து, வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்தபோது, அவர் மனைவி கீழ் ஹாலில் நடத்திவந்த குழந்தைகள் காப்பகத்தில் அவருக்கும் இடம் கிடைத்தது. சம்பளம் கிடையாது. திட்டு உண்டு.

அவருடைய மிடுக்கெல்லாம் முதல் வாரத்திலேயே இறங்கிவிட்டது. சாவி கொடுத்தால் ஓடும் கார் ஒன்றை ஆசையாக வாங்கி வந்தார். பிள்ளைகள் காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அது வந்த அட்டைப்பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டன. அன்றைக்குத்தான் அவருக்குப் புத்தி வந்தது. இரண்டு கிண்ணமும் கொஞ்சம் தண்ணீரும் கொடுத்தால் போதும், மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டு வெகுநேரம் சத்தமே வராது, தரைதான் குளமாகும். பழைய காலுறைகளைக் கொட்டி ஜோடி தேடச் சொல்வார். செய்தித்தாளைக் கசக்கிப் பந்தாக்கி வாளிக்குள் எறிய விடுவார். வாளிக்குள் விழாவிட்டாலும் கை தட்டுவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து கண்ணாமூச்சிதான். இந்த வயசுப் பிள்ளைகளுக்கு ஒளியத் தெரியாது. ஒன்று திரைச்சீலைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு முதுகை வெளியே காட்டி நிற்கும். இன்னொன்று கண்ணைப் பொத்திக்கொண்டு நடு ஹாலிலேயே நிற்கும், தான் பார்க்காவிட்டால் உலகமே பார்க்காது என்று. கண்டக்டரோ கண்ணெதிரே நிற்பதைக் காணாதவர்போல், "ஐயோ காணோமே, எங்க போச்சு என் தங்கம்?" என்று வாளிக்குள்ளும் சட்டைப் பைக்குள்ளும் தேடுவார். "இந்த நடிப்பை சினிமாவுல காட்டியிருந்தா ரெண்டு மாடி வீடு கட்டியிருக்கலாம்," என்பாள் மனைவி.

இதில் சேராதவள் ஒருத்திதான். மூன்று வயசு. தாய்க்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை. காலையில் அவள் விட்டுப் போனால் திரும்பி வரும்வரை, முதுகில் மாட்டிய பையைக் கழற்றாமல், வாசல் கதவோரமே உட்கார்ந்திருக்கும் பிள்ளை. சாப்பாடும் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். குட்டி வாட்ச்மேன் என்று கண்டக்டர் பெயர் வைத்தார். தலைகீழாக நின்று பார்த்தும் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. "இந்த மாசம் வரைக்கும் பார்க்கிறேன்ணா. அதுக்கப்புறமும் பழகலைன்னா நான் வேலையை விட்டுட வேண்டியதுதான்," என்று தாய் முந்தின நாள்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வேலையை விட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது என்பது கண்டக்டருக்குத் தெரியும்.

அன்றைக்கு மனைவி பல் டாக்டரிடம் போயிருந்தாள். கண்ணாமூச்சி மும்முரமாக நடக்கும்போது தண்ணீர் கேன்காரர் வந்தார். கண்டக்டர் கதவைத் திறந்துவிட்டு, அவரோடு சமையலறைக்குப் போய்க் கேனை வைக்க இடம் ஒதுக்கிக் கொடுத்தார். கேன்காரர் கிளம்பிப் போன பிறகு திரும்பி வந்து பார்த்தால், வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. கதவோரத்தில் வாட்ச்மேன் இல்லை.

கண்டக்டர் வாசலுக்கு ஓடினார். தெருவில் ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. எதிர்க்கடைத் தையல்காரரிடம், "முதுகுல பையோட ஒரு குழந்தை போச்சா?" என்று கத்திக் கேட்டார்.

"நான் குனிஞ்சு தைச்சுக்கிட்டு இருந்தேன், கவனிக்கலையே," என்றார் தையல்காரர். உடனே மிஷினை விட்டுவிட்டுத் தெருக்கோடிக்கு ஓடினார்.

கண்டக்டராலும் ஓட முடியும், ஆனால் உள்ளே இன்னும் ஐந்து உருப்படி இருக்கின்றன. அம்மாவைத் தேடித்தான் போயிருப்பாள், வேறெங்கே போவாள் என்று நினைத்தார். கதவைத் தாழிட்டுவிட்டு, தாய்க்குப் போன் போடப் பார்த்தார்; அவசரத்தில் நம்பர் சரியாக விழவில்லை. "காணோமே, எங்கடி போன என் தங்கம்," என்று வாய்விட்டுப் புலம்பியபடி, கட்டிலடியிலும் குளியலறையிலும் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

பிள்ளைகள் ஐந்தும் கை தட்டிச் சிரித்தன. அதில் மூத்தவன், "மாமா இன்னிக்கு நிஜமா அழுவுறாரு," என்று குதித்தான்.

கண்டக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போனது. தினமும் இதே வார்த்தைகளைத்தானே சொல்கிறார்? இவர்களுக்கு எது விளையாட்டு, எது வினை என்று எப்படித் தெரியும்? ஒருவேளை அவளும் உள்ளே எங்காவது இருந்தால், அவர் தேடத் தேட இன்னும் பதுங்கத்தானே செய்வாள்? ஒரு நாளும் ஆடாதவள் இன்றைக்கு மட்டும் ஏன் ஆடப்போகிறாள் என்று அறிவு சொன்னது. ஆனால் வேறு வழியும் இல்லை.

"எல்லாரும் கண்ணை மூடிக்கங்க. இப்ப மாமா ஒளியப் போறேன்," என்றார். முழங்கால் முறுக்கிக்கொண்டு வலிக்க, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் எப்படியோ உடம்பைத் திணித்துக்கொண்டார். "ஒளிஞ்சாச்சு. யாரு கண்டுபிடிக்கிறா பார்க்கலாம்."

ஹால் அமைதியானது. சுவரோரம் சுருட்டிச் சாய்த்திருந்த மெத்தைகளுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. முதலில் பை வந்தது, பின்னாலேயே பைக்குச் சொந்தக்காரி வந்தாள். அவசரப்படாமல் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். தன் கவுன் பைக்குள் கைவிட்டுத் தேடினாள். இத்தனை நாளும் கதவோரம் உட்கார்ந்து அவள் ஒன்றையும் விடாமல் பார்த்திருக்கிறாள். கடைசியில் மேஜைக்கடியில் குனிந்து அவர் மூக்கைத் தொட்டாள்.

"மாமா, புடிச்சிட்டேன்."

கண்டக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளை இழுத்து அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். அவளோ அதுவும் ஆட்டம்தான் என்று கிளுகிளுவெனச் சிரித்தாள். தேடி அலைந்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பிய தையல்காரர் ஜன்னல் வழியாக இதைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு கடைக்குப் போனார்.

சாயங்காலம் தாய் வந்தபோது கண்டக்டரும் வாட்ச்மேனும் மறுபடி மேஜைக்கடியில் ஒளிந்திருந்தார்கள். மூத்தவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான். கதவோரம் காலியாக இருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "பாப்பா எங்க?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தார் கண்டக்டர். பக்கத்தில் ஒண்டியிருந்தவள் சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள். "உஷ். அம்மா தேடட்டும்."

பெற்றவளை ஒரு நொடிகூடத் தவிக்கவிட அவருக்கு மனசு வரவில்லை. காலை மேஜைக்கு வெளியே நீட்டி ஆட்டினார். தாய் குனிந்து பார்த்தாள். சிரிக்கும் மகளைப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேஜைக்கடியில் கிடந்தபடியே கண்டக்டர் நடந்ததைச் சொன்னார். கதவைத் திறந்து போட்டது தான்தான் என்பதையும் மறைக்கவில்லை. தாய் எழுந்து போய் வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தாள்.

"கதவுக்கு மேல இன்னொரு தாழ்ப்பாள் போட்டுடுங்கண்ணா," என்றாள் பிறகு. "நாளைக்கு எப்பவும்போல கொண்டுவந்து விட்டுட்டு நான் வேலைக்குப் போறேன்."

"இன்னிக்கே போட்டுடறேம்மா," என்றார் கண்டக்டர். "முதல்ல என்னைக் கொஞ்சம் வெளிய இழுத்து விடு."