சிவப்பாக இருந்தால் போதும் என்றவர்கள்

தீயணைப்பான் விற்பவனை ஒருத்தருக்கும் பிடிக்காது. வாசலில் வந்து நின்றதும் "உங்க கடை எரியலாம்" என்று ஆரம்பிக்கிறவனை யார் உட்காரச் சொல்வார்கள்? தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் பதினேழு வருஷமாக இந்தச் சிவப்பு உருளைகளை பைக்கில் கட்டிக்கொண்டு அலைகிறேன். இன்சூரன்ஸோ தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினோ, எதையாவது சுமந்து படியேறி இறங்கியவர்களுக்கு என் பாடு புரியும். வாங்க மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறவரைக்கூட மறந்துவிடலாம். வாங்கி வைத்துக்கொண்டவர்களைத்தான் மறக்க முடியவில்லை.

கொக்கியில் காய்ந்த துண்டு

ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு லாட்ஜ். மூன்று மாடி. மாடிக்கு இரண்டு பவுடர் சிலிண்டர். கரண்டு போர்டுக்குப் பக்கத்தில் மட்டும் கார்பன் டை ஆக்சைடு. அங்கே தண்ணீரை ஊற்றினால் ஊற்றுகிறவருக்கே ஷாக் அடிக்கும் என்று விளக்கி, நானே கொக்கி அடித்து மாட்டிக் கொடுத்தேன்.

சீசன் நேரத்தில் சர்வீஸுக்குப் போனால் ஒரு சிலிண்டரையும் காணோம். கொக்கிகளில் எல்லாம் குளித்து வந்தவர்களின் ஈரத்துண்டு தொங்கியது. பிள்ளைகள் கைப்பிடியில் இருக்கிற பின்னை இழுத்து விளையாடுகிறார்களாம். அதனால் எல்லாவற்றையும் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சாவி மேனேஜரிடம். மேனேஜர் லீவில். "அவசரத்துக்கு என்ன செய்வீங்க அண்ணாச்சி?" என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "இம்புட்டுத் தண்ணி விழுத ஊர்ல எங்க வே தீப்பிடிக்கப் போவுது?"

புதுக் கிச்சன்

கடையநல்லூரில் ஒரு வீடு. மகன் வளைகுடாவில் ஒரு கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறார். என் வாழ்க்கையில் நான் சொல்லாமலே எல்லாம் தெரிந்த ஒரே வாடிக்கையாளர். வீடியோ காலில் சிலிண்டரைக் காட்டச் சொல்லி, அழுத்தம் காட்டுகிற முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு தன் மனைவி பாத்திமாவுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். பின்னை இழு, தீயின் அடியைப் பார்த்துப் பிடி, அழுத்து, இடமும் வலமுமாக வீசு. அந்தப் பெண் இரண்டு தடவை செய்து காட்டினாள்.

இரண்டு மாதத்தில் கேஸ் டியூப் தீப்பிடித்துவிட்டது. பாத்திமா தனியாளாக நின்று தீயை அமர்த்தி, ரெகுலேட்டரையும் மூடிவிட்டாள். போன் வந்ததும் ஓடினேன். உண்மையைச் சொன்னால், நன்றி சொல்வார்கள் என்று நினைத்துத்தான் ஓடினேன். பாத்திமா சுவரோரம் நின்றிருந்தாள். குடிக்கத் தண்ணீர்கூட யாரும் கொடுத்த மாதிரி தெரியவில்லை. மாமியார் ஷெல்ஃபில் விரலால் ஒரு கோடு இழுத்து, ஒட்டிய பவுடரை என் முகத்துக்கு நேராகக் காட்டினார்: "தீ அணைஞ்சது இருக்கட்டும் தம்பி, புதுக் கிச்சன இப்பிடி நாசமாக்கிட்டாளே, இத எவ தொடைக்கது?"

எண்ணெய்ச் சட்டி

குற்றாலம் பஜாரில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. கொதிக்கிற எண்ணெய்க்கென்றே தனி வகை இருக்கிறது. அதன் திரவம் எண்ணெய்மேல் படலமாக மூடிக்கொள்ளும், தண்ணீர் சிலிண்டரை அங்கே வைக்கவே கூடாது என்று முதலாளியிடம் மன்றாடினேன். அவரோ, தன் மச்சான் மூடிவிட்ட குடோனிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். தண்ணீர் சிலிண்டர். "இதுவும் செவப்புதான வே" என்றார். நானும் எத்தனை தடவைதான் சொல்வது என்று வந்துவிட்டேன்.

சட்டி தீப்பிடித்த அன்று சிப்ஸ் மாஸ்டர் இசக்கி அதைத்தான் எடுத்து அடித்தார். தண்ணீர் பட்டதும் எண்ணெய் பொங்கி எழுந்து, இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் அவர் மனைவி ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். முதலாளியிடம் பத்துத் தடவை சொன்ன நான், சட்டிக்கு முன்னால் நிற்கிற மனுஷரிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. இசக்கி கோபப்படவில்லை. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "தீயணைக்கதுதானன்னு அடிச்சேன் அண்ணாச்சி, உள்ள இருக்கது தண்ணின்னு ஒருத்தரும் சொல்லலியே."

தேதி

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தொழிலுக்கு வந்த புதிது. தென்காசியில் ஒரு துணிக்கடையில் நான்கு சிலிண்டர் முள் சிவப்புக்கு இறங்கியிருந்தது. மறுநாள் தீயணைப்புத் துறையிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள். ரீஃபில் அப்புறம் பார்க்கலாம், இப்போதைக்குப் புதுத் தேதி போட்டு ஸ்டிக்கரை ஒட்டு என்றார் முதலாளி. பெரிய கடை, விட்டால் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார். ஒட்டினேன். அடுத்த வாரம் ரீஃபிலுக்குக் கேட்டேன். பிறகு பார்க்கலாம் என்றார். அதன்பின் நானும் கேட்கவில்லை.

ஆடித் தள்ளுபடி நேரம். ஏசி வயரில் தீப்பொறி விழுந்து சேலைகள் பற்றிக்கொண்டன. அங்கே வேலை பார்த்த செல்வி ஓடிப்போய் சிலிண்டரை எடுத்து அழுத்தினாள். சைக்கிள் டியூபில் காற்று போகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். வாடிக்கையாளர்களை எல்லாம் இறக்கிவிட்டுக் கடைசியாக வந்தவள் அவள். குடித்த புகையில் குரல் கரகரத்து, பல மாதம் தெளியவே இல்லை. பார்க்கப் போயிருந்தேன். ஒட்டிய கை என்னுடையது என்று அவளுக்குத் தெரியாது. சொல்லத்தான் போனேன், சொல்லவில்லை. அவள்தான் எனக்குச் சமாதானம் சொல்வதுபோலச் சொன்னாள்: "நான் அவசரத்துலயும் ஸ்டிக்கர்ல தேதியப் பாத்துட்டுத்தான் எடுத்தேன் அண்ணே."

எந்தத் தீக்கு எந்தச் சிலிண்டர் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தத் தெரிந்த எனக்கு, "மாட்டேன்" என்ற ஒரு சொல்லை எந்த முதலாளியிடம் எப்போது சொல்ல வேண்டும் என்பது மட்டும் எப்போதும் ஒரு தீ பிந்தித்தான் தெரிகிறது.