கலியம்மாள் பிடுங்கிய பருத்திமார்

ஒரு கேஸ் சிலிண்டரை ஐந்து மாதம் ஓட்டுகிறவள் கலியம்மாள். எங்கள் தெருவில் வேறு யாராலும் அது முடிந்ததில்லை. அரிசியை ஊறவைத்துத்தான் உலையில் போடுவாள். விறகடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே கொடியடுப்பில் தண்ணீர்ப் பானையை ஏற்றிவிடுவாள். பக்கத்தில் போகிற அனலும் வீணாகாது. குளிக்கிற தண்ணீரைக் காலையிலேயே கரி பிடித்த அண்டாவில் ஊற்றி, மூடி, வெயிலில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். சாயங்காலம் அதற்கு இரண்டு கை விறகு போதும். கேஸ் அடுப்பு விடியற்காலை டீக்கும், அடைமழை நாளுக்கும் மட்டும்.

வாலிகண்டபுரத்துக்கு மேற்கே எங்கள் ஊர். எல்லாம் மானாவாரிக் காடு. பருத்தி போடுவார்கள், மக்காச்சோளம் போடுவார்கள். கலியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள் மேகலா. இருபது வருஷமாக வீரமணி காட்டில் களை எடுக்கிறாள், பருத்தி எடுக்கிறாள். வீரமணியின் அப்பா இருந்த காலத்திலேயே போனவள்.

பருத்தி எடுத்து முடிந்ததும் இலை உதிர்ந்து செடி மொட்டையாக நிற்கும். அதைப் பருத்திமார் என்போம். அதைப் பிடுங்கினால்தான் அடுத்த உழவு ஓட்ட முடியும். பிடுங்குவதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. பிடுங்குகிறவளுக்கே மார் சொந்தம். காட்டுக்காரருக்குக் காடு சுத்தமாகும், அவளுக்கு வருஷத்து விறகு சேரும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. என் அம்மாவும் இப்படித்தான் பிடுங்கினாள்.

இந்த வருஷம் கலியம்மாளுக்கு விறகு எப்போதையும்விட முக்கியமாக இருந்தது. மேகலாவுக்குப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பதாக ஏற்பாடு. அங்கிருந்து தாய் வீட்டுக்குத்தான் வருவாள். தாய்க்கும் பிள்ளைக்கும் நாற்பது நாள் வெந்நீர் காய்ச்ச வேண்டும். பெற்ற உடம்புக்கு வெதுவெதுப்பு போதாது, ஆவி பறக்க ஊற்ற வேண்டும். அதையெல்லாம் கேஸில் காய்ச்சினால் சிலிண்டர் இருபது நாள்கூடத் தாங்காது. அடுத்த சிலிண்டருக்கு அவள் எங்கே போவாள்?

வீரமணிக்கு நாலு ஏக்கர். அதில் இரண்டு ஏக்கர் மாரைப் பதினோரு நாள் பிடுங்கினாள். கொக்கி போட்ட இரும்புக் கம்பியால் ஒவ்வொரு செடியாக நெம்ப வேண்டும். நான் இரண்டு நாள் துணைக்குப் போனதற்கே என் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பச்சை மார் கனக்கும் என்று, காய்வதற்காகக் காட்டு ஓரத்திலேயே அடுக்கிவிட்டு வந்தாள். எல்லோரும் செய்வதுதான். அடுத்தவள் அடுக்கின மாரை இந்த ஊரில் யாரும் தொட்டதில்லை. அவள் செய்த தப்பு, வீரமணியை மனுஷனாக நினைத்தது.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்த வாரம் அது. கோபப்படக் கூடாது, யாரையும் சபிக்கக் கூடாது. ஆத்தா என்னை மன்னிக்கட்டும். அன்று காலை மாரைச் சுமந்துவர நானும் கலியம்மாளும் போனபோது காட்டு ஓரத்தில் டிராக்டர் நின்றது. நாலு ஆள்கள் கலியம்மாள் மாரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கோ ஒரு மில்லில் பாய்லருக்குப் பருத்திமாரை டன் கணக்கில் வாங்குகிறார்களாம்.

"தம்பி, இது என் மாருங்க," என்று ஓரமாக நின்ற வீரமணியிடம் சொன்னாள் கலியம்மாள்.

வீரமணி செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங் காட்டுல கெடக்குது. உன்னுதுன்னு எங்க எழுதியிருக்கு?"

"பதினோரு நாளு நாந்தானங்க புடுங்குனேன்."

"நான் புடுங்கச் சொன்னனா? நீயா வந்தே."

"அப்ப பதினோரு நாளு கூலியக் குடுத்துட்டு ஏத்திக்கிட்டுப் போங்க."

"மாரு புடுங்க எவன் கூலி குடுத்தான்? ஊரு வழக்கம் தெரியாதா உனக்கு?"

கூலி கேட்டால் ஊர் வழக்கம் வருகிறது. மாரைக் கேட்டால் காடு அவனுடையதாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவனுக்கு வாய் கூசவில்லை.

நான் பொறுக்க முடியாமல், "வீரமணி, அவ மக புள்ள பெத்து வரப் போறா. வெந்நீருக்கு என்ன பண்ணுவா?" என்றேன்.

"அதான் கவர்மென்ட்டுல கேஸ் குடுத்திருக்காங்கல்ல அக்கா. இன்னும் எதுக்கு ஊதாங்குழல வச்சு ஊதிக்கிட்டு? நெஞ்சுக்கு ஆகாது."

ஏற்றுகிற ஆள்கள் சிரித்தார்கள்.

"என் நெஞ்சு மேல இம்புட்டு அக்கறை இருக்கிறவரு ஒரு சிலிண்டரு வாங்கித் தாங்களேன்," என்றாள் கலியம்மாள்.

மறுபடியும் சிரித்தார்கள். இந்தத் தடவை வீரமணி முகம் சுருங்கிப்போனது.

"சரி, பாதிய நீ எடுத்துக்க. பேசாம போ."

"பாதிப் புள்ளையையா நான் குளிப்பாட்டப் போறேன்?"

சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரெய்லர் மேல் ஏறினாள். மாரைக் கத்தை கத்தையாகக் கீழே தள்ள ஆரம்பித்தாள். டிரைவர் பையன், "அக்கா, எறங்குங்க, விழுந்து வைக்கப் போறீங்க," என்றான்.

"ஒதுங்கிக்கப்பா. மூஞ்சியில கிழிச்சிடும்."

"பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, எறக்குங்கடா அவள," என்று வீரமணி ஆள்களை விரட்டினான். தலையில் துண்டு கட்டியிருந்த பெரியவர் கையை உதறிக்கொண்டார். "பொம்பளையத் தொட்டு இழுக்குறதுக்கு நாங்க வரலைங்க. வேணும்னா நீங்க ஏறுங்க."

வீரமணி ஏறவில்லை. கீழே நின்றபடியே சொன்னான்: "இனிமே எங் காட்டுல நீ கால வச்சே பாரு. களைக்கும் வேண்டாம், பருத்தி எடுக்கவும் வேண்டாம். என் கண்ணுலயே படாத."

கலியம்மாள் கை ஒரு நொடி நின்றது. இருபது வருஷ வேலை அது. அவளுக்கு வேறு நிலையான வேலை கிடையாது. கத்தையை மார்போடு பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அதுவரை அவனைத் தம்பி, வாங்க, போங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"சரிடா," என்றாள். கத்தை அவன் காலடியில் வந்து விழுந்தது.

அவள் தள்ளியதை மறுபடி ஏற்ற அந்த ஆள்கள் கை வைக்கவில்லை. டிராக்டர் வெறும் டிரெய்லரோடு போனது. தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து மூன்று நாள் தலைச்சுமையாகச் சுமந்து அத்தனையையும் அவள் வீட்டுக் கொல்லையில் அடுக்கினோம். மேகலா பெண் குழந்தையோடு வந்தாள். நாற்பது நாளும் கொடியடுப்பில் வெந்நீர் காய்ந்தது.

வீரமணி சொன்னபடியே செய்துவிட்டான். கலியம்மாள் இப்போது விடிகாலை பஸ் பிடித்து அரும்பாவூர்ப் பக்கம் வெங்காயத் தாள் அரியப் போகிறாள். வீடு வந்து சேர இருட்டிவிடுகிறது. பேத்தியைத் தூங்கும்போதுதான் பார்க்கிறாள். தன் பொருளைத் தானே எடுத்துக்கொண்டதற்கு ஒருத்தி தன் வேலையை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

சித்திரை மழை பெய்து எல்லோரும் உழுதுவிட்டார்கள். வீரமணியின் மீதி இரண்டு ஏக்கரில் மார் அப்படியே நிற்கிறது. பிடுங்கிக்கொள்ளச் சொல்லி என்னிடம் ஆள் அனுப்பினான். மார் முழுவதும் எனக்கேதானாம். கலியம்மாளுக்குப் பதினோரு நாள் கூலி, எனக்கு நாள் கூலி, இரண்டையும் கையில் கொடுத்தால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தெருவில் மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.