பக்கத்து சீட்டில் ஆள் ஏறினால்

கடையில் அவளை எல்லோரும் 'மில்லி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவன், "அக்கா குடிப்பாங்களா?" என்று கேட்டே விட்டான். "அதெல்லாம் இல்லப்பா. அளவு ஒரு மில்லிமீட்டர் தப்பினா நம்ம உயிரை எடுப்பாங்க, அவ்வளவுதான்" என்றார் டயர் மாட்டுகிற பெரியவர்.

கார்களுக்குக் கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு வேறு வீல் மாட்டித் தரும் கடை அது. எந்த வண்டிக்கு எத்தனை அங்குல அகலம், வீல் எவ்வளவு உள்ளே தள்ளி உட்கார வேண்டும் என்கிற ஆஃப்செட் எத்தனை மில்லி என்று அளந்து சொல்வது அவள் வேலை. பத்தொன்பது வருடங்களாக எஃகு ஸ்கேலும் கையுமாகச் சக்கரத்தடியில் மல்லாந்து கிடந்தவள். அளவுத் தாளில் அவள் கையெழுத்து விழுந்தால்தான் வண்டி வெளியே போகும். கையெழுத்து விழுந்த ஒரு வண்டிகூட டயர் உரசுகிறது என்று திரும்பி வந்ததில்லை. வீடு கட்டவில்லை, நகை சேர்க்கவில்லை. அவள் சம்பாதித்தது அந்தக் கையெழுத்து ஒன்றைத்தான்.

அதன் மேல்தான் அன்று மண் அள்ளிப் போட்டார்கள். போட்டது யாரோ எவரோ என்றால்கூட மனசு ஆறியிருக்கும். கூடப்பிறந்த தம்பி!

ஏழு மாதத்துக்கு முன்னால் கல்யாணம் ஆனவன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருந்தான். சிவப்பு நிறம், இரண்டே சீட். கம்பெனி வீல் எட்டு அங்குலம், ஆஃப்செட் நாற்பத்தைந்து. ஒரு விடுமுறை நாள் முழுக்க அதன் கீழே கிடந்து அளந்துவிட்டு, 'அகலம் 9, ஆஃப்செட் 40' என்று அக்கா எழுதிக் கொடுத்தாள். வீல் பெட்டிகள் அன்று மதியம் வந்திறங்கின. பிரித்துப் பார்த்தாள். உள்பக்கம் பொறித்திருந்தது 9.5. அதன் பக்கத்தில் 22.

ஓடிப் போய்த் தாளை எடுத்தாள். அவள் எழுதிய ஒன்பதுக்குப் பக்கத்தில் பச்சை மையில் ஓர் அரை முளைத்திருந்தது. நாற்பதை அடித்து இருபத்திரண்டு ஆக்கியிருந்தது. கீழே, பெரிய மனுஷி போல, அவளுடைய கையெழுத்து!

"சார், யாரு இதைத் திருத்தினது?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் தம்பிதாம்மா போன் பண்ணி மாத்தச் சொன்னான். நெட்ல ஏதோ கார் படம் பாத்தானாம், அதே மாதிரி வேணுமாம். அரை அங்குலம்தானே கூட? ஆஃப்செட் நம்பரைக் குறைச்சுத்தானே இருக்கான்? கூட்டியிருந்தா நானே விட்டிருக்க மாட்டேன்."

அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "இத்தனை வருஷமா வீல் விக்கிறீங்க! அந்த நம்பர் குறையக் குறைய வீல் வெளியே தள்ளும் சார். நான் சொன்னதைவிட இது இருபத்து நாலு மில்லி வெளியே நிக்கும். சக்கரத்துக்கு மேலே இருக்கிற பாடித் தகட்டுல போய் அறுக்கும்."

"பிரிச்ச பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டாங்கம்மா. மாட்டிடுவோம்."

"நான் மாட்ட மாட்டேன்."

அவர் வேறு ஆளை விட்டு மாட்டினார். டயர் தகட்டுக்கு வெளியே விரற்கடை துருத்திக்கொண்டு நின்றது. தம்பி வந்தான், மனைவியோடு. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பத்துப் போட்டோ எடுத்தான். தனியாக ஏறி, வாசலில் இருந்த வேகத்தடையைத் தாண்டி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான். இறங்கும்போதே சிரிப்பு.

"பாத்தியாக்கா? ஒரு சத்தம் இல்ல. நீயும் உன் ஸ்கேலும்! பயந்தாங்கொள்ளி."

அக்கா ஸ்கேலைக் கீழே வைத்தாள். அடுத்த பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். "இப்போ ஓட்டுடா."

"நீ எதுக்கு?"

"ஓட்டுன்னு சொன்னேன்."

அதே வேகத்தடை. சக்கரம் ஏறி இறங்கிய அந்த நொடியில், அவள் பக்கம் பின்னால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். பல்லைக் கூச வைக்கிற சத்தம். கூடவே ரப்பர் தீய்ந்த வாடை. இறங்கிப் பார்த்தால் புத்தம் புது டயரின் வெளி ஓரத்தில் விரல் நீளத்துக்கு வெட்டு.

"பாருடா! கண்ணைத் திறந்து பாரு! இதோட நெடுஞ்சாலையில போய் ஒரு பள்ளத்துல இறக்கினா டயர் வெடிக்கும்டா!"

தம்பி அசடு வழிந்தான். "நீ ஏறினா லாரியே அமுங்கும். இவ ஒல்லி. நாப்பத்தெட்டு கிலோ."

"அம்பத்தஞ்சு" என்றாள் அவன் மனைவி மெல்ல. டயர் மாட்டுகிற பெரியவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் அளந்தப்போ உங்க ரெண்டு பேரையும் உள்ளே உக்கார வச்சுத்தான்டா அளந்தேன். இந்தப் பொண்ணு ரெண்டு மணி நேரம் வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருந்தா. படத்துல பாத்த வண்டியில பக்கத்துல யாராவது உக்காந்திருந்தாங்களா? சொல்லுடா!"

கடை முழுவதும் வேடிக்கை பார்த்தது. தம்பியின் முகம் அந்தக் காரின் நிறத்துக்கு வந்தது. மானம் போகிற கோபத்தில் மனிதனுக்கு நாக்கு எப்படியெல்லாம் புரளும்! அவன் கத்தினான்:

"அப்போ யாரும் ஏற வேணாம்! நான் தனியாவே ஓட்டிக்கிறேன். இவளுக்கு பஸ் இல்லையா, ஆட்டோ இல்லையா?"

அந்தப் பெண் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தப் பெண்ணோ, புருஷனை முதல் தடவையாகப் பார்க்கிறவள் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி இடையில் புகுந்தார். "குடும்பச் சண்டையை வீட்டுல வச்சுக்கோங்க. தாள்ல புதுசா கையெழுத்துப் போடும்மா, வண்டி போகட்டும். போட முடியலன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

அவள் புதுத் தாள் ஒன்றை உருவினாள். அகலம் 9.5, ஆஃப்செட் 22 என்று எழுதினாள். குறிப்பு என்ற கட்டத்தில் எழுத்தைப் பெரிதாக்கினாள்: 'ஓட்டுகிறவர் தவிர வேறு யாரும் இந்த வண்டியில் ஏறக் கூடாது. ஏறினால் டயர் அறுபடும். உயிருக்கு ஆபத்து.' கீழே கையெழுத்துப் போட்டுத் தாளைத் தம்பியின் முன்னால் வைத்தாள்.

"வாடிக்கையாளர் கையெழுத்தும் வேணும். படிச்சுட்டுப் போடு. இல்லேன்னா சொல்லு, இப்பவே பழைய வீலை என் கையாலயே மாட்டித் தரேன்."

அவன் படித்தான். ஒரு தடவை மனைவியைப் பார்த்தான். ஒரு தடவை காரைப் பார்த்தான். அந்தக் கணத்தில், படுபாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "கழட்டுக்கா" என்ற ஒரே ஒரு வார்த்தை!

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். காரில் ஏறினான். வேகத்தடையைச் சத்தமில்லாமல் தாண்டிப் போனான்.

அவன் மனைவி மேஜைக்கு வந்து அந்தத் தாளை எடுத்து, எழுத்துக் கூட்டுகிறவள் போல நிதானமாகப் படித்தாள். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"ஏம்மா, அது கடைத் தாள்..." என்று முதலாளி இழுத்தார்.

"இருக்கட்டும் சார். எங்க அப்பாவுக்குக் காட்டணும்" என்றவள் திரும்பினாள். "அண்ணி, பஸ் ஸ்டாண்டுல இறக்கி விடுவீங்களா? எங்க ஊருக்கு அஞ்சரைக்கு ஒரு வண்டி இருக்கு."

'போகாதே, அவன் ஏதோ கோபத்தில் சொல்லிவிட்டான்' என்று சொல்ல வேண்டியவள்தான் நாத்தனார். மில்லி அக்கா அதைச் சொல்லவில்லை. இரண்டு ஹெல்மெட்டை எடுத்து ஒன்றை அவளிடம் கொடுத்தாள்.

"நேரமிருக்கு. சேர்ந்தே போலாம்" என்றாள். "முதல்ல ஏதாவது சாப்பிடு."