முழிச்சிருக்க ஒரு ஆள்

ரூம் துடைக்கிற வேலையில் இருப்பவர்களுக்குத் தங்க வருகிறவர்களின் முகம் ஞாபகம் இருக்காது. அவர்களுடைய தலைமுடி, சோப்பு, மெத்தையில் எந்தப் பக்கம் படுப்பார்கள் என்பதெல்லாம் ஞாபகம் இருக்கும். தொண்ணூறுகளில் செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் அவுசில் நான் அந்த வேலை பார்த்தேன். பக்கெட்டும் மாப்பும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினவர்கள் இதைப் படித்தால், நான் சொல்வது உங்களுக்கு உடனே விளங்கும். நாம் கட்டிலுக்கடியில் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கும்போதே, “ரூம்ல யாருமில்ல, உள்ள வாங்க” என்று தங்கியிருப்பவர்கள் வாசலில் நிற்கிறவரைக் கூப்பிடுவார்கள். அந்த வேலைதான்.

எனக்கு அது ஒரு விதத்தில் சௌகரியம். கீழ்பென்னாத்தூரில் ஐந்தாவதோடு நின்றவள். புது ஆட்கள் எதிரில் வாய் வராது. ஸ்டோர் ரூமில் தூளி கட்டிப் பாப்பாவைப் போட்டுக்கொள்ள மேனேஜர் விட்டார், அது போதும் என்று இருந்தேன். அப்போதுதான் மலர் வேலைக்கு வந்தாள். இலங்கையிலிருந்து அம்மாவோடு படகில் வந்து, ஊருக்கு வெளியே அகதிகள் கேம்ப்பில் இருந்தவள். பதினேழு வயசு இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குள் கேம்ப்புக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அவர்களுக்குச் சட்டம். இதில் எழுதுகிறது எல்லாம் அவளுடைய தூக்கத்தைப் பற்றி.

குரங்குக்குத் திறந்த கதவு

எங்கள் இடத்தில் முதல் பாடம், ரூமுக்குள் போனதும் கதவைச் சாத்துவது. மலையிலிருந்து இறங்குகிற குரங்குகள் வராந்தாவிலேயே காத்திருக்கும். மலருக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்த வாரமே மாடியில் ஒரு வெள்ளைக்காரருடைய வாழைப்பழச் சீப்பும், கண்ணாடிக் கூடும், ஒரு கால் செருப்பும் வேப்பமரத்துக்குப் போய்விட்டன. மனுஷர் இன்னொரு கால் செருப்போடு வந்து ஆபீஸ் வாசலில் நின்றார். “கதவ சாத்துன்னா சாத்த மாட்டியாம்மா? உங்க ஊர்ல குரங்கே கெடையாதா?” என்று மேனேஜர் கத்தினார். மலர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றாள், அவர்கள் பேச்சில் ஆமாம் என்பது அதுதான்.

மறுநாளும் கதவு திறந்தே கிடந்தது. போதாததற்கு, துடைக்கிறதுக்கு முன்னால் கட்டிலுக்கடியில், பாத்ரூமில், பீரோவுக்குப் பின்னால் என்று ஒவ்வொரு இடமாக எட்டிப் பார்த்தாள். திருடுகிறாள் என்று யாராவது சொல்லிவிடப் போகிறார்களே என்று எனக்கு பயம். “ஏன் மலரு, வேல போயிடும்டி. சாத்திட்டு தொடச்சா என்னா?” என்றேன். அவள் மாப்பைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “குரங்கு உள்ளுக்கு வந்தாலும் பிறகு வெளியில போயிடும் அக்கா. கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கு நிண்டா, நான் எப்பிடி வெளியில ஓடுறது?”

அவளுடைய முறை

அன்றிலிருந்து அவள் துடைக்கும்போது நான் ஒட்டடைக் கம்போடு வாசலில் நின்றேன். நான் துடைக்கும்போது அவள் நின்றாள். வேலை ஜாஸ்தி நேரம் பிடித்தது, ஆனால் குரங்கு வரவில்லை. மத்தியானம் ஸ்டோர் ரூமில் சாப்பிட உட்காருவோம். அவள் கண்ணைச் சுற்றிக் கருப்பாக இருக்கும், சோற்றைப் பிசைந்தபடியே அசைந்து அசைந்து விழித்துக்கொள்வாள். “படுத்துக்கயேன்டி கொஞ்ச நேரம்” என்றேன். “நீங்கள் முழிச்சிருப்பீங்களோ?” என்று கேட்டாள். நான் எங்கே தூங்குவது, தூளியை ஆட்ட வேண்டுமே என்றேன். அவ்வளவுதான், துவைக்கப் போட்ட போர்வை மூட்டையில் தலையை வைத்தவள், விளக்கை அணைத்த மாதிரி தூங்கிப்போனாள். அப்படி ஒரு தூக்கத்தை நான் கைக்குழந்தையிடம்தான் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் கழித்து நானாக எழுப்பினேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்து சொன்னாள். ஊரில் ராத்திரியில் ஷெல் குண்டு வந்து விழும், ஆர்மி வந்து ஆண்களைக் கூட்டிக்கொண்டு போகும். அதனால் வீட்டில் எப்போதும் ஒரு ஆள் முழித்திருப்பார்களாம். அப்பா கொஞ்ச நேரம், பிறகு அவர் அண்ணனை எழுப்பிவிட்டுப் படுப்பார், அண்ணன் அம்மாவை எழுப்புவான், அம்மா இவளை. அப்பா செத்துவிட்டார். அண்ணன் கடைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அம்மா படகிலிருந்து இறங்கின நாளிலிருந்து சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடக்கிறாள். “இங்க யாருடி வரப் போறாங்க, ஆர்மியா வரும்? இங்க இன்னாத்துக்கு பயம்?” என்று கேட்டேன். “பயம் இல்லை அக்கா, இது என்ர முறை. எழுப்பிப்போட்டுப் படுக்கிறதுக்கு எனக்கு அடுத்த ஆள் இல்லை.”

டாக்டர் சொன்ன மருந்து

மத்தியானத் தூக்கம் ஒரு மணி நேரம். அதை வைத்துக்கொண்டு ஒரு ஆள் எத்தனை நாள் ஓட்டுவது? லீவு நாளில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கும் பேச வராது, அவளுக்கும் பேச வராது. ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு போய் நின்றோம். “தூக்கம் வரலிங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் ஸ்டெத்தை வைத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். என்ன நடந்தது, எங்கிருந்து வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “வயசுப் பொண்ணு, மனசு அலையும். காலாகாலத்துல கல்யாணத்த பண்ணி வைங்க, தூக்கம் தானா வரும்” என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது பாப்பா என் மடியில் ஒரே அழுகை, பல் முளைக்கிற நேரம். முந்தின ராத்திரி முழுக்க தோளில் போட்டுக்கொண்டு நடந்தவள் நான். வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டினது வேறு. மலர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, உங்களுக்குக் கலியாணம் செய்ததில இருந்து நல்லா நித்திரை வருகுதோ?”

அமைதி அம்மா

மாடிக் கடைசி ரூமில் ஒரு வெளிநாட்டு அம்மா வருஷா வருஷம் வந்து மாசக்கணக்கில் தங்குவார். மன அமைதிக்காக வருகிறவர். அவர் ரூமில் சத்தம் போட்டு வாளியை வைக்கக்கூடாது, அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பேர் அமைதி அம்மா. நல்ல மனசுதான். மலர் கண்ணைப் பார்த்து அவராகவே மேனேஜரிடம் விசாரித்தார். மேனேஜர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அந்த அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. நான் சொல்லித் தருகிறேன், சரியாகிவிடும் என்று மலரைப் பாயில் உட்கார வைத்தார். கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். ஃபேனை நிறுத்தினார். கண்ணை மூடச் சொன்னார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, கதவைப் பிய்த்துக்கொண்டு மலர் வெளியே வந்தாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பின்னாலேயே வந்து மலர் தலையைத் தடவி, சிரித்த முகமாக மேனேஜரிடம் என்னவோ சொன்னார். மேனேஜர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: “தூக்கம் வராம இருக்கிறது பெரிய பாக்கியமாம். எந்நேரமும் முழிப்பா இருக்கணும்னுதான் அம்மா நாடு விட்டு நாடு வந்து பயிற்சி எடுக்கறாங்களாம். உனக்கு சும்மாவே வந்துடுச்சாம், அத வுட்டுடாதன்றாங்க.”

கண்ணாமூச்சி

ஒரு முகூர்த்த நாள். ரோட்டில் மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. நான் கீழே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன், பாப்பா மேலே மலரிடம் இருந்தது. எங்கள் கேட்டுக்கு எதிரிலேயே சரவெடியை விரித்துக் கொளுத்திவிட்டார்கள். எனக்குப் பாப்பா ஞாபகம் வரவில்லை, மலர்தான் ஞாபகம் வந்தாள். ஓடினேன். ரூம் நடுவில் வாளி கவிழ்ந்து தண்ணீராகக் கிடந்தது. கட்டிலுக்கடியில் மலர் குப்புறப் படுத்திருந்தாள், அவளுக்கு அடியில் என் குழந்தை. குழந்தை மேல் பாரம் விழாமல் இரண்டு முழங்கையையும் தரையில் ஊன்றியிருந்தாள், சிமெண்டில் தோல் கிழிந்திருந்தது. பாப்பா அது ஏதோ விளையாட்டு என்று கெக்கெக்கே என்று சிரிக்கிறாள். வெடி நின்ற பிறகும் மலர் வெளியே வரவில்லை. நானும் கட்டிலுக்கடியில் பூந்து, “நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேன்டி, நீ வா” என்றேன். அதற்கப்புறம்தான் குழந்தையை விட்டாள்.

அந்த ரூமில் தங்கியிருந்த மெட்ராஸ் தம்பதி அப்போதுதான் கோயிலிலிருந்து வந்து வாசலில் நின்றார்கள். அந்த அம்மா நேராகக் கீழே போய் மேனேஜரிடம் சொன்னது படிக்கட்டு வரைக்கும் கேட்டது: “ரூம் கிளீன் பண்ண ஆள் வெச்சிருக்கீங்களா, கட்டிலுக்கடில கண்ணாமூச்சி ஆட ஆள் வெச்சிருக்கீங்களா?”

வாடகைத் தூக்கம்

தீபத் திருவிழாவுக்கு முன்னால் ஊரில் எல்லா லாட்ஜிலும் சோதனை நடக்கும். ஒரு போலீஸ்காரர் வந்து வெளிநாட்டுக்காரர்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மேனேஜர் சொன்னார், அவரும் சரி என்று டீ குடித்தார். மலர்தான் டீ கொண்டு வந்தது. “சீனி காணுமோ சேர்?” என்று, சர்க்கரை போதுமா என்பதை அவர்கள் பேச்சில் கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கேம்ப்பா என்றார், ஓம் என்றாள். அவர் ஒன்றும் மிரட்டவில்லை. “இதுவும் வெளிநாட்டு ஆளுதானே சார், பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேனேஜருக்கு அது போதும். ஏற்கெனவே குரங்கு, ஏற்கெனவே மெட்ராஸ் தம்பதி. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். மலர் டீ கிளாசைக் கழுவி வைக்கப் போனாள்.

மாடியில் அத்தனை ரூமிலும் வெளிநாட்டுக்காரர்கள், அவர்களுக்கு மட்டும் குளிக்கச் சுடுதண்ணீர் போடுகிறோம். எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை. மேனேஜர் மேஜைக்கு எதிரில் போய் நின்றேன். “சார், அவளுக்கு சம்பளம்கூட வேணாம் சார். மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் வந்துட்டுப் போவட்டும். அவ தூங்கறது இங்க மட்டும்தான் சார்” என்றேன். அந்த வேலையில் நான் அவ்வளவு நீளமாகப் பேசினது அதுதான் முதல் தடவை. மேனேஜர் சாவிகளை மாட்டுகிற பலகை பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: “லாட்ஜ்ல தூங்கணும்னா வாடகை குடுத்துட்டுத் தூங்கச் சொல்லும்மா.”

பஸ் ஸ்டாப்பு

அடுத்த லீவு நாளில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கேம்ப்புக்குப் போனேன். வெளியாட்கள் உள்ளே போகக் கூடாது, தாலுக்கா ஆபீசில் எழுதி வாங்கி வா என்று கேட்டில் இருந்தவர் சொன்னார். ஆளனுப்பிக் கூப்பிட்டதும் மலர் வெளியே வந்தாள். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர் கூடவே வந்தார். வீடு என்றால் சேலை கட்டி மறைத்த இடம், ஒரே கொட்டகைக்குள் பல குடும்பம். மலர் சட்டைத் தோள் இறங்கித் தொங்கியது. “நான் நல்லா இருக்கிறன் அக்கா” என்று பாப்பாவிடம் கையை நீட்டினாள், தூக்கமில்லாத அசதியில் கை அவள் நினைத்த இடத்துக்குப் போகவில்லை. அந்த அம்மா என்னைத் தனியாக இழுத்துச் சொன்னார்: “பிள்ளை இரவில எழும்பி ஒவ்வொரு மறைப்பா வந்து, எல்லாரும் இருக்கிறமோ எண்டு எண்ணிக்கொண்டு போகுது. சனம் ஏசுது. எங்களுக்கும் நித்திரை இல்லை, அதுக்கும் இல்லை.”

கேட்டுக்கு எதிரில் பஸ் ஸ்டாப்பு. சிமெண்டு பெஞ்சு, மேலே ஒரு கூரை, கதவு கிடையாது. நான் போய் உட்கார்ந்தேன், அவளும் வந்து உட்கார்ந்தாள். “முழிச்சிருப்பீங்களோ?” என்றாள். இருக்கேன் என்றேன். என் மடியில் தலையை வைத்துக் காலை மடக்கிப் படுத்தாள். பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவள் அசையவில்லை. பாப்பா அவள் முதுகைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. நிலக்கடலை பிடுங்கிவிட்டு வந்த இரண்டு பெண்கள் பஸ்ஸுக்காக நின்றார்கள். பெஞ்சில் உட்கார இடமில்லாத கோபம். அவர்களில் பெரியவள் என்னையும் என் மடியையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூட இருந்தவளிடம் சொன்னாள்: “பட்டப்பகல்ல ரோட்டுல படுத்துக் கெடக்குது பாரு, ஊட்டுல தூங்கறதுக்கு இன்னா கேடு இதுக்கு?”

நிம்மதி தேடி உலகமே வருகிற ஊரில், லீவு கிடைக்கிற அன்றைக்கெல்லாம் நானும் என் குழந்தையும் போய் உட்கார்ந்தால் மலருக்கு ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வருகிற வரைக்கும் நிம்மதி கிடைக்கும், அதுவும் யாராவது எங்களை எழுந்திருக்கச் சொல்லாமல் இருந்தால்.