சின்ன அத்தை எறிந்த பந்துகள்

உள்ளங்கை எரிந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பள்ளியிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பந்தை வரப்பில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். வயலுக்குள் நின்ற சின்ன அத்தை சேற்றுக் கையாலேயே அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னடி இது, பம்ப்ளிமாஸ் கணக்கா இருக்கு? இந்தா புடி" என்று கீழ்க்கையாக எறிந்தாள். பந்து என் நெஞ்சுக்கு நேராக வந்தது. பிடித்துவிட்டேன். ஆனால் இரண்டு கையும் மிளகாய் அரைத்ததுபோல எரிந்தன. நான் கையை உதறுவதைப் பார்த்து, "வலிக்குதா? மெதுவாத்தானே போட்டேன்" என்றாள். கேலி இல்லை. அவளுக்கு அது மெதுவான எறிதான்.

சின்ன அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நடவுக்கு வந்தவள். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்போதும் பெருமை, இப்போதும் பெருமை. தாத்தா காலம்வரை அடுத்தவர் வயலில் உழைத்த குடும்பம். அப்பாதான் முதன்முதலாக மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். நடவு நாளில் பறித்த நாற்றைக் கட்டுக்கட்டாகக் கட்டி, குனிந்து நடும் பெண்களுக்குக் கையெட்டும் இடத்தில் வீசிப் போட வேண்டும். அந்தக் கட்டை முடி என்போம். முடி போடுவது எங்கள் வயலில் சின்ன அத்தையின் வேலை. தூரத்தில் இருப்பவர்களுக்கு விசையோடு போகும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு, ஒரு சொட்டுச் சேறும் தெறிக்காமல் சொத்தென்று உட்காரும். அவள் கையை யாரும் பாராட்டிக் கேட்டதில்லை. என்றைக்காவது சேறு தெறித்தால் மட்டும் திட்டு விழும்.

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் விளையாட்டு மேடம் என்னை சாஃப்ட்பால் அணியில் சேர்த்தார். நான் நன்றாக ஓடுவேன் என்பதற்காக அல்ல, ஓடவே மாட்டேன் என்பதற்காக. மட்டையடிக்கிற பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்க அப்படி ஓர் ஆள் வேண்டியிருந்தது. எதிரே நின்று எறிகிறவளுக்குப் பிட்சர் என்று பெயர். கையைக் கீழிருந்து சுழற்றித்தான் எறிய வேண்டும். பழைய மாணவிகளையும் சேர்த்து மேடம் ஒரு கிளப் நடத்தினார். மாநில அணி, தேசிய அணி எல்லாம் எங்களுக்கு வெகு தூரம். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆடு மேய்ந்த ஏதாவதொரு பள்ளி மைதானத்தில், இருபது முப்பது பேர் பார்க்க நடக்கும் ஆட்டங்கள் எங்களுடையவை. அந்த கிளப்பில் சரியான பிட்சர் இல்லை; காலேஜ் போகும் ஒரு பழைய மாணவிதான் ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். சிவந்த கையோடு மறுநாளே மேடத்திடம் போய் நின்றேன்.

சின்ன அத்தை மூன்று பந்து எறிவதைப் பார்த்த மேடம், "யாரும்மா கத்துக்குடுத்தா?" என்று கேட்டார்.

"யாரும் இல்லங்க. நடவுக்கு முடி போடுவேன்."

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கியதும் வாய்விட்டுச் சிரித்தார். "இத்தன வருஷமா நான் எங்கெங்கயோ தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

முதல் ஆட்டம் மன்னார்குடியில். கை குறிவைத்த இடத்துக்குப் போனது. கால்தான் காலைவாரியது. சேற்றில் நின்று எறிகிறவள், எறியும்முன் ஒரு காலைப் பிடுங்கிப் பின்னால் ஊன்றிக்கொள்வாள். இல்லாவிட்டால் முடியோடு சேர்ந்து அவளும் விழுவாள். பத்து வருடப் பழக்கம். சாஃப்ட்பாலில் அது குற்றம். தரையில் பதித்த வெள்ளைப் பலகையில் இரண்டு காலும் நின்றபின், எறியும்போது கால் முன்னால்தான் போகலாம். பின்னால் போனால் நடுவர் கையை நீட்டிவிடுவார், ஓடக் காத்திருக்கும் எதிரணிப் பெண்கள் சும்மாவே ஒரு கட்டம் முன்னேறிவிடுவார்கள். அன்றைக்கு நடுவர் பதினோரு முறை கையை நீட்டினார். எதிரணிப் பெண்கள் ஒவ்வொன்றையும் எண்ணிக் கத்தினார்கள். "அக்கா, ரிவர்ஸ் கியர எடுங்க! முன்னாடியும் ஒரு ரோடு இருக்கு!"

தோற்றோம். மேடம் மறைக்காமல் சொன்னார். "கை தங்கம்மா. கால் சரியில்ல. அடுத்த ஞாயிறு கும்பகோணத்துல ஜெயிச்சாத்தான் நாம திருச்சி மண்டலப் போட்டிக்குப் போக முடியும். அங்கயும் கால் பின்னாடி போச்சுன்னா பாதி ஆட்டத்துலயே காலேஜ் பொண்ண இறக்கிருவேன். திருச்சிக்கும் அவதான். கோவிச்சுக்கக் கூடாது."

"சரிங்க" என்றாள் சின்ன அத்தை. பேருந்து பாபநாசம் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "நான் திருச்சிக்குப் போவணும்டி" என்றாள். தீபாவளிக்குக்கூட இது வேண்டும் என்று வாய்திறந்து கேட்காதவள் அவள்.

அன்றிரவே மேடத்திடம் வாங்கிய ஆங்கில விதிப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். படித்தவள் என்ற மிடுக்கோடுதான் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மனப்பாடமாகத் திருப்பிச் சொன்னாள். காலுக்கு அது எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அவள் காலைக் கயிற்றால் கட்டிப் பார்த்தேன். கயிறு அறுந்தது. "ஒன் படிப்பு போதும், வா" என்று அவளே என்னை இழுத்துக்கொண்டு போனாள். மடைக்குப் பக்கத்தில் வரப்பு குறுகும் இடத்தில், வாய்க்காலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பின்னால் ஒரு சாண் இடம்கூட இல்லை. எதிர்ப் பக்கம் என்னை உட்கார வைத்து எறியத் தொடங்கினாள்.

முதல் பந்து என் கைக்கு வந்தது. அவள் வாய்க்காலுக்குள் போனாள்.

அந்த வாரம் நாங்கள் சிரித்ததுபோல அதற்குப் பிறகு சிரித்ததாக நினைவில்லை. திங்கட்கிழமை ஒன்பது தடவை விழுந்தாள். தாவணியைப் பிழிந்துகொண்டு, தலையில் ஒட்டிய பாசியோடு ஏறிவந்து மறுபடியும் நிற்பாள். தண்ணீர் பார்க்க மண்வெட்டியோடு வந்த அப்பா, "என்ன தங்கச்சி, மீன் ஏதும் ஆப்டுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார். புதன்கிழமை நான்கு தடவை. வெள்ளிக்கிழமை இருபது பந்து எறிந்தும் தாவணி நனையவில்லை. அன்று சாப்பிடும்போது அப்பா சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஞாயித்துக்கெழம நடவ திங்கக்கெழமைக்கு மாத்திட்டேன். தோத்துட்டு வந்தீங்க, அத்தையும் மருமவளும் தனியாத்தான் நடணும்."

கும்பகோணத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. நான்காவது சுற்றுவரை அவள் கால் தவறவில்லை. ஐந்தாவதில் ஒரு முறை பின்னால் போனது. மேடம் காலேஜ் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் ஓரமாக நின்று கையைச் சுழற்றத் தொடங்கினாள். சின்ன அத்தை அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரே ஒரு ஓட்டம் முன்னால். இன்னும் ஒருத்தியை வெளியேற்றினால் வெற்றி. ஆனால் எதிரணிப் பெண் ஒருத்தி மூன்றாவது கட்டத்தில், வீட்டு வாசலில் நிற்பதுபோல நின்றாள். கால் ஒருமுறை பின்னால் போனால் அவள் நடந்தே வந்து சமன் செய்துவிடுவாள். மட்டையோடு நின்றவளோ அன்றைக்கு இரண்டு பந்தை வேலிக்கு அனுப்பியவள். இந்தத் தடவை இரண்டு வீச்சைத் தவறவிட்டிருந்தாள்; மூன்றாவதும் தவறினால் அவள் வெளியே. நான் நடுவரிடம் நேரம் கேட்டு சின்ன அத்தையிடம் போனேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"பின்னாடி என்னடி இருக்கு?"

காய்ந்த புல்லும் ஒரு செங்கலும் கிடந்தன. "வாய்க்கா அத்தை. தண்ணி ரொம்ப ஓடுது."

"குளிக்க நேரமில்ல. நீ போய் ஒக்காரு."

கை முழு வேகத்தில் சுழன்றது. கால் முன்னால்தான் வந்தது. எதிரே நின்றவள் அந்த வேகத்தை நம்பிப் பலங்கொண்ட மட்டும் மட்டையை வீசினாள். பந்து அப்போதுதான் பாதி வழியில் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நடுகிறவளுக்குச் சேறு தெறிக்காமல் போடுகிற முடி அது. மட்டை காற்றைச் சுற்றி நின்ற பிறகு, ஒரு சத்தமும் இல்லாமல் என் கையுறைக்குள் வந்து உட்கார்ந்தது. அன்று கை எரியவில்லை. நான்தான் "அத்தை!" என்று கத்திக்கொண்டு, ஓடவே தெரியாத நான், மைதானத்தைப் பாதி கடந்து ஓடினேன்.

திருச்சியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம், அவள் கால் ஒருமுறைகூடத் தவறாமல். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் எறிந்தாள். இப்போது திருப்பனந்தாள் பக்கம் குடும்பமாக இருக்கிறாள். நடவு இயந்திரம் ஓட்டுகிறாள். முதுகு வலி போயே போச்சு என்கிறாள். அவள் எறிந்த ஆட்டங்கள் எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை.

கும்பகோணத்து ஆட்டம் முடிந்ததும், அங்கேயே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து திருச்சிக்கான படிவங்களை நிரப்பினோம். எல்லாப் பெண்களுக்கும் எழுதியவள் நான்தான். தொழில் என்ற இடத்தில் எல்லோருக்கும் மாணவி. சின்ன அத்தையின் படிவம் வந்தபோது, எங்கள் வீட்டுக் காகிதங்களில் எப்போதும் எழுதுவதுபோல விவசாயக் கூலி என்று எழுதப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதுதான் எல்லாத்துலயும் இருக்கே. இதுல பிட்சர்னு எழுதுடி."

எழுதினேன். மேடம் வாங்கிப் படித்துவிட்டு, "தொழில் பிட்சரா? சம்பளம் எவ்ளோம்மா?" என்றார்.

"டீயும் ரெண்டு வடையுங்க" என்றாள் சின்ன அத்தை. பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மேடம் மூன்று வடை வாங்கிக்கொடுத்தார், படிவத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

இன்று நான் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். என் பெயருக்குப் பின்னால் எழுத மூன்று பட்டங்கள் இருக்கின்றன. எத்தனையோ படிவங்களில் விரிவுரையாளர் என்று எழுதியிருக்கிறேன். சின்ன அத்தைக்கு எழுதிய அந்த ஒரு சொல்லைப்போல, பேனா அடுத்த தாளில் பதியும் அளவுக்கு அழுத்தி எதையும் எழுதியதில்லை.