எவர்சில்வரில் துரு

பட்டறையில் அவளை எல்லோரும் கண்ணாடியக்கா என்றே கூப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடி போட்டவள் அல்ல. ஓர் இரும்புப் பெட்டியின் இரண்டு ஓட்டைகளில் முழங்கை வரை கையை விட்டு, அதன் கண்ணாடிச் சன்னல் வழியாக உள்ளே பார்த்தபடி பதினாறு வருஷமாக நிற்பவள். பெட்டிக்குள் இருக்கும் குழாய், சர்க்கரையைவிடப் பொடியான கண்ணாடி மணிகளைக் காற்றோடு பீய்ச்சும். கோடும் கீறலுமாக வரும் எவர்சில்வர் பாகங்கள் அந்த அடியை வாங்கியபின் மங்கலாக, ஒரே சீராக வெளியே வரும். குழாயை ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும், ஒரே வேகத்தில் நகர்த்த வேண்டும். வேலை அவ்வளவுதான். அதைக் கற்றுக்கொள்ள இதுவரை நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அவள் கணவர் அதே பட்டறையில் வேன் ஓட்டினார். காலையில் கதவைத் திறப்பவரும் அவரே என்பதால் சாவி அவரிடம் இருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்குப் பரிசென்று எதுவும் கொடுத்ததில்லை. கொடுக்கக் கூடாதென்று இல்லை, தோன்றவில்லை. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாடிப்படிக்கு அடியில் துருவேறிக் கிடந்த அவளுடைய தையல் மெஷினின் இரும்புக் காலைச் சுத்தமாக்கிக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். தெரிந்த இடத்தில் செய்தது என்றார். அவளுக்கு வாயெல்லாம் பல். ஆனாலும் தொழில் புத்தி சும்மா இருக்குமா? மூலையில் துரு அப்படியே இருக்கிறது, நடுவில் ஒரே இடத்தில் குழாயைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான், செய்தவனுக்குக் கை வரவில்லை என்றாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அந்த வாரம் அவள் அடித்து அனுப்பிய நூற்றெண்பது எவர்சில்வர் மூடிகள், வாங்கிய கம்பெனியிலிருந்து இருபது நாளில் திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் மிளகுப்பொடி தூவியதுபோலத் துருப்புள்ளி. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நினைத்திருந்தோம் என ஒரே வரியில் கடிதம். சூப்பர்வைசர் முதலில் தகடு விற்றவரைத் திட்டினார். பிறகு மழையைத் திட்டினார். திட்ட வேறு ஆள் கிடைக்காமல், கண்ணாடியக்கா வேர்வைக் கையோடு தொட்டிருப்பாள் என்றார்.

அவள் வாக்குவாதம் பண்ணவில்லை. ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி, பெட்டியின் அடியில் குவிந்திருந்த கண்ணாடி மணிக்குள் விட்டுத் துழாவி எடுத்தாள். காகிதத்தில் மூன்று நாள் தாடிபோல இரும்புத்தூள் நின்றது. யாரோ துருப்பிடித்த இரும்பை அந்தப் பெட்டியில் வைத்து அடித்திருக்கிறார்கள். அந்தத் தூள் மணியோடு கலந்து மூடிகளில் ஏறி, அதுதான் துருப்பிடித்திருக்கிறது. இந்தப் பெட்டியில் இரும்பே வைப்பதில்லையே, யார் செய்தது என்று சூப்பர்வைசர் கேட்டார்.

தையல் மெஷின் கால் அவள் கண்முன் வந்து நின்றது.

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்றாள்.

வீட்டில் அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, அந்தத் தையல் மெஷின் கால எங்க அடிச்சீங்க?"

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "உன் பெட்டியிலதான்."

"யாரு அடிச்சா?"

"நான்தான். நீ செய்யறதப் பாத்தா சுலபமாத் தெரிஞ்சுது."

அவளுக்குக் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்த மனுஷன் தனியாக அந்தப் பெட்டிமுன் நின்றிருக்கிறாரே என்ற நினைப்பும் கூடவே வந்தது. எதைக் காட்டுவதென்று தெரியாமல் சாப்பாட்டுத் தட்டை வைத்தாள். நீயே முதலாளியிடம் சொல்லிவிடேன், உன்மேல் அவருக்கு மரியாதை உண்டு என்று அவர் கெஞ்சிப் பார்த்தார்.

"அந்த மரியாதைய இதுக்குச் செலவு பண்ண முடியாது. நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

மறுநாள் சொன்னார். முதலாளி அவள் பக்கம் திரும்பி, "சரியாகுமாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஆகும் என்றாள். பழைய மணியை எல்லாம் கொட்டிவிட்டுப் பெட்டி, குழாய், தூசிப்பை என்று மூலைமுடுக்கு விடாமல் கழுவ வேண்டும். மூடிகளை அமிலத்தில் முக்கி, ஏறிய இரும்பைக் கரைத்துவிட்டு, புது மணியால் மறுபடி அடிக்க வேண்டும். கழுவுவது யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.

நான்கு நாள் அவர் பெட்டிக்குள் தலையை விட்டுத் தேய்த்தார். அவள் காந்தத்தோடு பின்னாலேயே போய், இங்கே இன்னும் இருக்கிறது என்று காட்டினாள். பிறகு மூடிகளை அடித்து முடித்து, துரு வருகிறதா என்று பார்க்க இரண்டு நாள் ஈரத்துணியில் சுற்றி வைத்தார்கள். பிரித்தபோது ஒரு புள்ளி இல்லை. சூப்பர்வைசர் வேர்வைக் கையைப் பற்றி அப்புறம் பேசவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. புதுக் கையுறை ஒரு ஜோடி வரவழைத்துக் கொடுத்தார்.

முதலாளி சாவியை வாங்கி அவளிடம் கொடுத்தார். மூடிகளை அவள் கணவரே கொண்டுபோய் இறக்கினார். அங்கே பரிசோதகர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து முடிக்க ஒன்றரை மணி நேரமானது, அதுவரை நின்றுகொண்டே இருந்தேன் என்று திரும்பி வந்து சொன்னார். ஒரே சீராக வந்திருக்கிறதே, யார் வேலை என்றுகூடக் கேட்டாராம்.

"என்ன சொன்னீங்க?"

"என் வீட்டுக்காரின்னேன்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த பாகத்தை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.